அடிக்காத மணி

சோதனை மேசையில் பம்பு மறுபடியும் நின்றுவிட்டது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பு அது, நினைத்தபோது நிற்கலாமா? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அந்தப் பம்பைச் செய்யும் கம்பெனியில் நிரல் எழுதும் சுவீ லியானுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அதற்கு நிரல் எழுதியவர்கள் அவளும் ஹஃபீஸுலும் மட்டும்தான். அதிலும் ஹஃபீஸுலின் ஒப்பந்தத்தை நீட்டுவதா வேண்டாமா என்று மேலாளர் ஊய் இன்றுதான் முடிவு செய்யப்போகிறார்.

பம்பின் சிப்புக்குள் இருக்கும் புராசசர் நிற்பதற்கு முன் எந்தெந்தக் கட்டளை வழியாகப் போனது என்பது பதிவாகியிருந்தது. அந்தத் தடத்தைத் திரையில் விரித்தாள். ஊய் பின்னால் வந்து நின்றார்.

"எங்க போய் மாட்டியிருக்கு?"

"எச்சரிக்கை மணி அடிக்கிற பகுதி, பாஸ். அதுலயே சுத்திக்கிட்டு நிக்குது."

"அது ஹஃபீஸுல் எழுதினதுதானே?"

"ஆமா." சொன்னபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"தொழுகைக்குப் போயிருக்கான், வரட்டும். வேற ஆளப் பாத்துக்கலாம் லா." ஊய் தம் அறைக்குப் போய்விட்டார்.

வரும்போது கொய்யா வாங்கி வருவதாக அவளிடம் சொல்லிப் போனவன் அவன். மனம் கேட்காமல் தடத்தை மறுபடி பார்த்தாள். ஹஃபீஸுலின் பகுதி முதல் வேலையாக மணியைத்தான் அடிக்கும். பம்பு நின்றபோது ஒரு சத்தமும் கேட்கவில்லையே!

தடத்தில் இருப்பது வெறும் எண்கள். எந்த எண் யாருடைய வரி என்று பெயர் ஒட்டுவது அவள் கணினியிலுள்ள கோப்பு. காலையில் நிரலைப் புதுப்பித்தவள், அதைப் பம்பில் ஏற்ற மறந்திருந்தாள். பம்பில் ஓடியது நேற்றையது, பெயர் ஒட்டியது இன்றையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நேற்றைய கோப்பைத் திறந்ததும் பெயர்கள் மாறின. புராசசர் மாட்டியிருந்தது அவளுடைய வரியில். அழுத்தமானி பதில் சொல்லும்வரை காத்திரு என்று எழுதியவள், பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. கோப்பை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடத்தான் கை போனது. சீ என்று எழுந்து ஊயின் அறைக்கு நடந்தாள்.

ஹஃபீஸுல் பொட்டலத்தோடு வந்தபோது இருவரும் அவள் மேசையருகே நின்றிருந்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

"பம்பு நின்னதுக்கு உன் தலையில பழியப் போட்டேன். இப்ப எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

ஊய் ஒப்பந்தத் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடு, சீக்கிரம்."

ஹஃபீஸுல் கையெழுத்திட்டான். பிறகு, அவளுக்கு நீட்டவிருந்த பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப கொய்யா எனக்கு லா."

இரண்டு துண்டு தின்றுவிட்டு அவன் நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்தான்.

"தள்ளி உக்காரு. எந்த வரி, காட்டு."