ஈரக் கையும் ஒரு டேக்கும்

கேமராக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த மெமரி கார்டு சட்டையின் இடப்பக்கப் பையில். ஏற்றாதது வலப்பக்கப் பையில். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார்தட்டிக்கொள்வார். டீச்சர் வீட்டுக் கல்யாணத்தன்று பார்த்து மனுஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அதில் ஒரே ஒரு பைதான் இருந்தது.

அப்புறம் என்ன? விருந்து நேரத்துப் படங்கள் இருந்த கார்டைக் காலிக் கார்டு என்று நினைத்துத் துடைத்தார். அதிலேயே அடுத்த வீட்டுப் பிறந்தநாளைப் பலூனும் கேக்குமாக எடுத்துத் தள்ளினார். மேடைப் படங்கள் வேறு கார்டில் இருந்ததால் தப்பின. மற்றதெல்லாம் போயே போச்சு.

கல்யாணப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டதும் திட்டக்கூட இல்லை. கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்த்துக் கேமராக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"ஆல்பம் கிடக்கட்டும் சார். கை கழுவுற இடத்துல என் தங்கச்சி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சா. அந்த ஒரு படம் போதும். அவளும் நானும் பேசி ரொம்ப வருஷமாச்சு. சண்டை எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே பாதிதான் ஞாபகம் இருக்கு. அன்னைக்கும் ஒரு வார்த்தை பேசல. சாப்பிடாமகூடக் கிளம்பிட்டா. அந்தப் படத்தை அனுப்பி, அதைச் சாக்கா வச்சுப் பேச்சை ஆரம்பிச்சுடலாம்னு இருந்தேன்."

உள்ளறையிலிருந்து கேமராக்காரரின் மனைவி வந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்டுடியோக்கா. படம் எடுப்பது அவர் வேலை; அதை இணையத்தில் ஏற்றி, டேக் போட்டு, ஆளைக் கடைக்கு வரவழைப்பது இவள் வேலை. புருஷன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் காதே சிவந்திருந்தது. ஆனாலும் வெளியாள் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அழாதீங்க டீச்சர். மண்டபத்துல அத்தனை போன் இருந்துச்சு. ஒருத்தர்கூடவா எடுத்திருக்க மாட்டாங்க? தேடிக் குடுக்கறது என் பொறுப்பு."

"அதான் நான் தேடிட்டேனே," என்றார் கேமராக்காரர் ஈனசுரத்தில். "பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சேர்த்து வாசல் போர்டுல ஒரு ஹேஷ்டேக் போட்டிருந்தாங்கல்ல? அதுல பார்த்தேன். எல்லாம் கூலிங் கிளாஸும் உதட்டைக் குவிச்சதும்தான்."

"போர்டுல போட்டா எல்லாரும் அதையே போட்டுடுவாங்களா? நல்லா சொன்னீங்க போங்க! படத்துல என்ன இருக்குன்னு எவன் டேக் போடறான்? தனக்கு எது பெருசோ அதைத்தான் போடுவான்."

சும்மா சொல்லக் கூடாது, அவள் தேடுகிற அழகே தனி. மேக்கப்காரப் பெண்ணுக்கு எது பெருசு? அவள் வரைந்த கண் மை. அந்த டேக்கில் போய்ப் பார்த்தால், மணப்பெண் கண்ணாடி முன்னால் சிரிக்கிறாள். பூ அலங்காரக்காரருக்கு நுழைவாயில் பெருசு. அங்கே மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் வந்து இறங்குகிறார்கள். சமையல்காரர் தன் பெரிய அண்டாவுக்கே ஒரு டேக் வைத்திருந்தார். அண்டாவுக்குப் பின்னால் பந்தி முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் கேமராக்காரருக்குப் போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கை கழுவும் இடம் மட்டும் எதிலும் இல்லை.

ஸ்டுடியோக்கா போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அந்தக் கட்டிப்பிடித்தல் யாருக்குப் பெருசு? சமையல்காரருக்கா, பூக்காரருக்கா? அட, இத்தனை நேரம் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"டீச்சர், உங்க தங்கச்சி இணையத்துல இருக்காங்களா?"

"பேரைப் போட்டு எத்தனையோ தடவை தேடிட்டேன். இல்ல."

"சரி, சின்ன வயசுல அவங்க உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எதுக்கு உனக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"அக்கான்னுதான்."

"வெறும் அக்காவா?"

டீச்சர் கேமராக்காரரைப் பார்த்தார். அவர் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "சிடுமூஞ்சி அக்கா," என்றார் டீச்சர், வாய்க்குள்ளேயே.

கேமராக்காரரின் தோள் லேசாகக் குலுங்கியது. ஸ்டுடியோக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடைவெளி விடாமல் சேர்த்து அடித்தாள். உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் அந்த டேக்கைப் போட்டிருந்தார். ஏதோ ஒரு தையல்கடைப் பெயரில் இருந்த பக்கம் அது. பேரைப் போட்டுத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

அடியில் கிடந்த பழைய படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரே மாதிரிக் கவுன் போட்ட இரண்டு சிறுமிகள். பெரியவள் முகத்தில் அப்போதே அந்தக் கடுகடுப்பு. பள்ளிச் சீருடையில் டீச்சர். டீச்சரின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பழைய படம், கீழே வாழ்த்து. பேசாமலிருந்த வருஷங்களில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டீச்சர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கல்யாணப் படம். தங்கச்சி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் கைகள் இரண்டும் அவளைத் தொடாமல் அந்தரத்தில் விரிந்திருக்கின்றன. தங்கச்சியின் வீட்டுக்காரர் எடுத்திருக்க வேண்டும். கீழே அவள் எழுதியிருந்ததை ஸ்டுடியோக்கா வாய்விட்டுப் படித்தாள்.

"நான் கட்டிப்பிடிச்சேன். அக்கா கை என் மேல படவே இல்ல. இன்னும் கோபம் போகல போல. இனிமே நானா போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"ஐயய்யோ!" டீச்சர் எழுந்தே விட்டார். "அடிப் பாவி! கை கழுவிட்டு அப்பத்தான் திரும்பினேன். தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ புதுத் துணி பாழாயிடுமேன்னு தூக்கிப் பிடிச்சேன்!"

"அப்ப உடனே சொல்லுங்க. நம்பர் இருக்கா?"

"அது எப்பவும் இருக்கு," என்ற டீச்சர் போனை எடுத்தார். படத்தை அனுப்பிச் சாக்காக வைத்து நாசூக்காக ஆரம்பிக்கலாம் என்று போட்டிருந்த திட்டமெல்லாம் காற்றோடு போனது. அந்தப் பக்கம் "ஹலோ" என்றதுதான் தாமதம், டீச்சர் கத்தினார்.

"ஏய் லூசு! என் கை ஈரமா இருந்துச்சுடீ! கோபமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. உன் துணிதான்டீ!"

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு விசும்பல், அப்புறம் உடைந்த குரல். பக்கத்தில் நின்ற ஸ்டுடியோக்காவுக்கும் அது கேட்டது.

"துணி போனா போகுதுன்னு பிடிச்சிருக்கலாம்லக்கா?"

டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை, வழிகிறபடியே விட்டுவிட்டார். "பிடிக்கறேன்டீ. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன். வாசல்லயே நில்லு." போனை வைத்துவிட்டுக் கேமராக்காரரின் பக்கம் திரும்பினார். குரலில் கணக்கு டீச்சர் திரும்பி வந்திருந்தார். "சார், நீங்களும் கேமராவோட வரணும். இந்தத் தடவை படம் தொலையக் கூடாது."

"வருவார் டீச்சர்," என்றாள் ஸ்டுடியோக்கா. "சட்டையை நான் எடுத்து வைக்கறேன்."