பேனருக்கு வந்த படம்

தனக்கோடி சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, செங்கல்பட்டில் என் பேனர் கடையில் போனை நீட்டினார். பிறந்து ஆறு நாளான மகன், அம்மா எல்லம்மாள் தோளில். அடுத்த வாரம் பெயர் வைக்கிறார்களாம், தெருமுனையில் பேனர் கட்ட வேண்டுமாம்.

"புள்ள மஞ்சளா கீறான் பாரு ஷீலாம்மா. அவ அம்மனுக்கு வேண்டிக்கினு மஞ்சப் பொடவையே கட்டிகினு கீறா, அதான் அடிக்குது. கொஞ்சம் செவப்பாக்கிக் குடு."

எனக்கு அரை நிமிட வேலை. பிள்ளையைச் சிவப்பாக்கச் சொல்லாத அப்பனை நான் இன்னும் பார்க்கவில்லை. படத்தில் மஞ்சளைக் குறைத்தேன். குழந்தை ரோஜா நிறத்துக்கு வந்தான். ஆனால் அவனைத் தூக்கியிருந்த எல்லம்மாள் நீலம் பாரித்துப் போனாள். இதென்னடா வம்பு என்று, அவள் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வைத்து நிறத்தைச் சரிசெய்தேன். துண்டு வெள்ளை, எல்லம்மாள் நல்ல மாநிறம், குழந்தை மட்டும் மஞ்சள். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"பால் குடிக்கிறானா அண்ணாத்த?"

"எங்க, எந்நேரமும் தூக்கந்தான். தங்கமான புள்ள, அழுவறதே இல்ல."

"பேனர் கெடக்கட்டும். இது பொடவ மஞ்சள் இல்ல. இப்பவே வூட்டுக்குப் போன் போட்டு, புள்ளைய பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு வரச் சொல்லு."

"இன்னாம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா..." அவர் முகம் சுண்டிவிட்டது. நான் திரையை அவர் பக்கம் திருப்பி, அம்மாவின் கண்ணையும் மகனின் கண்ணையும் அருகருகே வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அவர் குரலும் வந்தன.

"நல்ல நேரத்துல தூக்கினு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரும்மா. இப்ப பால் குடிக்கிறான். அழுவற சத்தத்துல வார்டே ரெண்டாவுது. நீ நல்லா இருக்கணும். பேனர்ல இதயே போட்டுரு."

அவர் குரலுக்குப் பின்னால் அந்த அழுகை நன்றாகவே கேட்டது. நானும் அழுதுவிட்டேன். கேட்டதைக் கேட்டபடி செய்து அனுப்பியிருப்பேனே பாவி! முகம் நீலமாகி என்னைத் தடுத்த எல்லம்மாளுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

படத்தைத் திறந்தேன். காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ், கண்ணில் கட்டோடு, வாயை ஆவென்று திறந்தபடி குழந்தை. விரித்த துணி முதல் விரல் நுனி வரை எல்லாம் ஒரே நீலம். பழக்கத்தில் கை நிறத்தைச் சரிசெய்யப் போயிற்று. கையை எடுத்துவிட்டேன். மிஷின் ஓட ஓட, எட்டடி நீளத்துக்கு ஒரு நீலக் குழந்தை கத்திக்கொண்டே வெளியே வந்தது.