பொம்மைக்குப் பின்னால் ஒரு வரிசை

ஹாலிஃபாக்ஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பிரெண்டா பார்க்க வந்தது ஒன்றே ஒன்று, டிராம். அது பின்முற்றத்தில் ஓடும். குளிர்காலத்துக்காகக் கொட்டகையில் ஏற்றிவிடுவதற்கு முன் அதன் கடைசி ஓட்டம் இன்றைக்கு நாலு மணிக்கு. புருஷன் கிளிஃபர்டோடு சேர்ந்து அதில் ஒரு சுற்று வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அந்த மனிதரோ காலையிலிருந்து ஒவ்வொரு நீராவி எஞ்சின் முன்னாலும் ஆணி அடித்தாற்போல் நின்றார்.

ஒருவழியாக இழுத்துக்கொண்டு வந்தால், கூடத்துக்குள்ளேயே இருந்த டிராம் நிறுத்தப் பலகையின் கீழே நாலு பேர் வரிசையில் நிற்க, இவரும் போய் பின்னால் நின்றுகொண்டார். பத்து நிமிஷம் ஆகியும் வரிசை நகரவில்லை. இதற்குள் இவர்களுக்குப் பின்னால் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"முன்னால போய் என்னன்னு பாரேன்."

"எட்டிப் பாத்தா இடையில நுழையறான்னு நினைப்பாங்க."

பொறுமை போய் பிரெண்டாவே முன்னால் போனாள். வரிசையில் முதலாவதாக நின்ற தொப்பிக்காரியின் கண்ணிமையில் தூசி படிந்திருந்தது. நாலுமே மெழுகுப் பொம்மைகள். காலடியில் விளக்கப் பலகைகூட இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளிஃபர்ட், அத்தனையும் பொம்மை."

"மெதுவா பேசு. பின்னால நிக்கிறவங்களும் பொம்மையா? விஷயம் தெரியாமலா நிப்பாங்க?"

"அவங்க உன்னப் பாத்து நிக்கிறாங்க!"

"நீ வேணா முற்றத்துல போய்ப் பாத்துட்டு வா. நான் உன் இடத்தப் பிடிச்சு வைக்கிறேன்."

முற்றத்தில் மணி அடித்தது. இந்த ஆளிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. பையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். உள்ளே ஈ காக்கை இல்லை.

"ஆள் இருக்காம்மா?" என்று பக்கத்து இருக்கையைக் காட்டிக் கேட்டார் நடத்துநர்.

"இருக்காரு. வந்துருவாரு," என்று குடையை அதன் மேல் வைத்தாள்.

அவர் நல்ல மனுஷர், ஒரு நிமிஷம் பொறுத்தார். அப்புறம் வண்டி கிளம்பிவிட்டது.

கூடத்தின் கண்ணாடியைக் கடக்கும்போது பார்த்தாள். பொம்மைக்கும் கிளிஃபர்டுக்கும் நடுவே ஓராள் இடைவெளி. அதில் காலை வைத்த ஒருவரைத் தடுத்து, அவளுடைய பையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் சொல்வது உதட்டசைவிலேயே தெரிந்தது.

"மன்னிக்கணும், இது என் மனைவியோட இடம்."

பிரெண்டா குடையை எடுக்கவில்லை. சுற்று முழுக்க அது அவள் பக்கத்தில் உட்கார்ந்தே வந்தது.