பதினைந்தாவது மாணவி

மே 27, செவ்வாய். இன்றைய தவறு: ரவுண்டானாவைத் தப்பாக எண்ணி, வேறு பிளாக்கில் வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு சண்முகப்பிரியா பேனாவை மூடினாள். மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் எம்.பி.ஏ. மாணவர்கள் ஒவ்வொருவராகத்தான் வந்து சேருவார்கள். தேதிக்குக் கீழே அன்றைய தவறை எழுதுவது ஆராய்ச்சி செய்த காலத்தில் பிடித்த பழக்கம். கள ஆய்வில் தவறை அன்றன்றைக்கே எழுதிவிடு, விட்டுவைத்தால் அது முடிவுகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பார் அவளுடைய நெறியாளர். டாக்டர் பட்டம் வாங்கி நாலு வருஷமாகியும் பழக்கம் விடவில்லை. மேசை மேல் நீல நிற பிளாஸ்டிக் கவர் ஒன்று கிடந்தது. அதன் மேல் தன் கைப்பையை எடுத்து வைத்தாள்.

அவள் படித்தது உலகளாவிய புத்தாக்க மேலாண்மை. ஒரு நாட்டில் உருவாகும் புது இயந்திரமோ முறையோ இன்னொரு நாட்டுக்குப் போகும்போது என்ன ஆகிறது, அங்கே அதை யார் மாற்றுகிறார்கள், மாற்றியது பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறதா என்பதுதான் ஆய்வு. ஜெர்மனியில் செய்த சுரங்க இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்தது. உதவித்தொகையில் எட்டு மாதம் ஜெர்மனியில் இருந்தாள். திரும்பி வந்தபோது படித்த பள்ளியிலிருந்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு விண்ணப்பங்கள்தான். வெளிநாட்டிலிருந்து வந்த மறுப்புகள் அழகான ஆங்கிலத்தில் இருந்தன. உள்ளூரில், "இது எந்த டிபார்ட்மென்ட்லம்மா வரும்?" என்று கேட்டார்கள்.

கடைசியில் ஒரு தனியார் கல்லூரி எடுத்துக்கொண்டது. பகலில் பி.பி.ஏ., மாலையில் சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் இந்த வகுப்பு. போன வருஷம் முதல்வர் செந்தில்நாதனிடம் நடையாய் நடந்து, தன் துறையையே ஒரு சிறப்புப் பாடப்பிரிவாக ஆரம்பிக்கச் சம்மதம் வாங்கியிருந்தாள். பதினைந்து பேராவது சேர வேண்டும், நாளை மறுநாளுக்குள். சேராவிட்டால் பாடப்பிரிவு கிடையாது. அது இல்லையென்றால் அவளும் தேவையில்லை. பதினாலு பேர் சேர்ந்திருந்தார்கள்.

மே மாதம் வந்தால் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் பிளஸ் டூ முடித்தவர்களின் முகவரிப் பட்டியலோடு வீடு வீடாகப் போவது வழக்கம். செந்தில்நாதன் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"ஐந்நூறுக்கு மேல மார்க் எடுத்தவங்க வூட்டுப் பக்கமே போவாதீங்க மேடம். பெட்ரோலுக்குக் கேடு. அதுங்க கவர்ன்மென்ட் காலேஜுக்குப் போயிடும். சுமாரா எடுத்ததப் பாருங்க. ஒத்துக்கிட்டா ஒரிஜினல் சர்டிபிகேட்ட கையோட வாங்கியாந்துடணும். ஜெராக்ஸ் குடுத்தவன் எவனும் திரும்பி வந்ததில்ல."

இன்று மதியம் பட்டியலில் கடைசிப் பெயருக்காக வண்டியை எடுத்தாள். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள் பலகையைப் படிப்பதில்லை. ரவுண்டானா, திருப்பம், தெரு, வீடு என்று எண்ணிக்கொண்டே போவார்கள். எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, ஒரே வேப்ப மரம், ஒரே மஞ்சள் சுவர் என்பதால் ஓரிடத்தில் எண்ணிக்கை பிசகினால் கடைசி வரை தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, "காலேஜ்லேர்ந்து வர்றேங்க" என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறகுதான் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். பட்டுப் புடவையில் ஒரு பெண் ஒரு பள்ளி மாணவிக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுப்பது அவளேதான், அந்த ஆண்டு விழாவில்.

"அத்தா, யாரு வந்திருக்காங்க பாருங்க" என்று உள் அறையிலிருந்து வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பெயர் ஹுமா. ஐந்நூற்று அறுபத்து மூன்று மதிப்பெண். கடலூர் அரசுக் கல்லூரியில் கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். வரும் திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு கலந்தாய்வுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. பட்டியலில் இல்லாத பெயர். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லி சண்முகப்பிரியா எழுந்தாள். ஹுமாவின் தாய் மஹ்மூதா விடவில்லை.

"உக்காருங்க மேடம். எலுமிச்ச சாறு போடுறேன். இவ உங்க போட்டோவ தொடச்சிக்கினே இருப்பா தெனமும்."

"என்ன காலேஜ் மேடம்? என்ன கோர்ஸு?" என்றார் ஹுமாவின் அப்பா நைனா முகமது. சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஆபரேட்டர், பெர்மனென்ட். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்த முகம்.

அவள் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தன் துறையைப் பற்றி ஒருவர் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆரம்பித்ததும் நிறுத்த வரவில்லை. ஹுமா கட்டிலின் நுனியில் உட்கார்ந்து கண் இமைக்காமல் கேட்டாள்.

"அக்கா, நா இதையே படிக்கிறேன். உங்க மாதிரி ஜெர்மனி போவணும்."

சண்முகப்பிரியாவுக்குச் சட்டென்று பயம் வந்தது. "இங்க பாரு ஹுமா, நான் என்ன ஆயிருக்கேன்னு பாரு. இவ்ளோ படிச்சிட்டு வேகாத வெயில்ல வீடு வீடா வந்து ஆள் கேட்டுக்கிட்டு இருக்கேன். இந்தப் படிப்புக்கு இங்க வேலை கிடையாது. நீ கணக்கே எடு."

மஹ்மூதா சிரித்தாள். "நெறைய படிச்சவங்க இப்பிடித்தான் பேசுவாங்க. தன்ன ஒசத்தியாவே சொல்லிக்க மாட்டாங்க."

"நெசமாத்தான் சொல்றேங்க."

"தெரியுது மேடம்" என்றார் நைனா முகமது. "சேத்துவுட்டா போதும்னு பாக்குறவங்க இப்பிடிச் சொல்ல மாட்டாங்க. வேணாம்னு சொல்றீங்க பாருங்க, அதுலதான் எனக்கு நம்பிக்கையே வருது. எம்பொண்ணு உங்க கையில இருக்கட்டும்."

அவர் பீரோவைத் திறந்தார். நீல நிற பிளாஸ்டிக் கவர். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாம் அசல். அவள் இன்னும் ஒரு முறை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த ஒரு முறையும் சேர்ந்தால் அவர்கள் நம்பிக்கை இன்னும் கெட்டியாகும் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு பேசாமல் இருந்தது எதற்காக என்று மட்டும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு கையாலும் கவரை வாங்கிக்கொண்டாள். வாசல் வரை வந்த ஹுமா, "அக்கா, ஒங்க சீட்டுல தூசி" என்று துப்பட்டாவால் வண்டியைத் துடைத்தாள்.

வகுப்பறைக் கதவு திறந்தது. சிங்காரவேல் உள்ளே வந்தான். சீருடையோடே வந்திருந்தான். மாலை வகுப்பில் எப்போதும் முதல் ஆள்.

"பசங்க வந்துகினு இருக்காங்க மேடம். இன்னிக்கு என்ன பாடம்?"

"நிறுவனத்துல புதுசா ஒரு யோசனைய எப்பிடிக் கொண்டு வர்றதுன்னு."

"எங்க செக்‌ஷன்ல புதுசா எதுனா சொன்னா, 'நீயே செஞ்சிட்டு நீயே கையெழுத்தும் போட்டுடு'ம்பாங்க." அவன் பெஞ்சில் சாய்ந்தான். "மொகம் ஏன் மேடம் இப்பிடி இருக்கு? பதினஞ்சு ஆயிடுச்சின்னு பிரின்சிபால் சொன்னாரே. கீழதான் பாத்தேன், ஒரே சிரிப்பு."

"ஆயிடுச்சி" என்றாள். கவர் கிடைத்ததும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி அவருக்குச் செய்தி அனுப்பியது நினைவுக்கு வந்தது. அதைத் தவறுகளில் எழுதவில்லை.

செந்தில்நாதனின் பதில் இன்னும் கைபேசியில் இருந்தது. சூப்பர் மேடம். இந்த வருஷம் ஓடட்டும். அடுத்த வருஷம் கோர்ஸ் இருக்குமான்னு அப்புறம் பாப்போம்.

ஹுமாவுக்கு மூன்று வருஷப் படிப்பு. அசல் இல்லாமல் திங்கட்கிழமை கலந்தாய்வுக்கும் அவள் போக முடியாது. சண்முகப்பிரியா கைப்பையை நகர்த்தினாள். கவரின் மேல், ஹுமா துடைத்தும் வண்டி சீட்டில் மிஞ்சிய தூசி ஒரு விரல் அளவுக்கு ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மாடிப்படியில் காலடிகள் கேட்டன. அவள் எழுந்து கரும்பலகையில் தலைப்பை எழுதினாள். பிறகு திரும்பி வந்து, நின்றபடியே நாட்குறிப்பில் மிச்சத்தை எழுதி முடித்தாள்.

நாளை: ஹுமாவின் சான்றிதழ்களை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து அவளிடம் கொடுக்க வேண்டும். ஒன்பதரைக்குள் அசலைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.