பாட்டுக்குள் கேட்ட சங்கு

என்னுடைய மூன்றாவது பாட்டை அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அடுத்ததாகக் கேட்டவன் அதன் கீழே இப்படி எழுதியிருந்தான்:

“ரெண்டு நிமிஷம் முடியுற இடத்துல ஒரு ஆலைச் சங்கு ஊதுது. உடனே ரயில்வே கேட் மணி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குற ஊரு நிறைய இருக்காதே. மத்தபடி பாட்டு அருமை. பல்லவிக்கு முன்னாடி இழுக்குற மூச்சு மட்டும் இன்னும் மாறல. குடத்தைத் தூக்குற மாதிரி.”

பெயர் இல்லை, படம் இல்லை. தேவையும் இல்லை. நான் பாடுவதற்கு முன் மூச்சிழுப்பதைக் குடம் தூக்குவதாகச் சொல்லிக் கேலி செய்த ஆள் உலகத்தில் ஒருவன்தான். எட்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்தினேன். எட்டாவது வருடம் என் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். கிடாரில் நரம்பை அழுத்துகிற கை. அது ஆறிய மறுவாரம், அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், மகளையும் ஒரு பையையும் கிடாரையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். “எங்க போனாலும் தேடி வருவேன்” என்று முன்பே சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள். அவனிடம் இருந்த ஒரே நல்ல குணம் அதுதான்.

அதைப் படித்தபோது நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் யாருக்கோ பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு அங்கே எல்லாருடைய முகமும் வெளிறித்தான் இருக்கும், அதனால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை.

தப்பு என்னுடையது. நான் பாடுவது என் துணி அலமாரிக்குள். மேலே போர்வை, இரண்டு பக்கமும் கோட்டும் கம்பளியும், நடுவில் மைக்கும் நானும். துணி எதிரொலியை விழுங்கிவிடும். என்னை அலமாரிக்காரி என்றுதான் கேட்பவர்களுக்குத் தெரியும். முகம் காட்டியதில்லை, ஊர் சொன்னதில்லை. ஃபிரிட்ஜை அணைத்து, விசிறியை அணைத்து, போனையும் அணைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவேன். வீட்டில் பாட்டு செய்கிற எவருக்கும் அதுதான் சட்டம். ஆனால் அன்று புழுக்கம் தாங்காமல் அலமாரிக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்திருந்தேன். சரணத்தின் கடைசி ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது மணி ஒன்றாகி, சங்கு ஊதியது. என் ஸ்வரத்திலேயே ஊதியது. சுத்தமான சுருதி. காது கேட்காதவள்கூட அந்த இடத்தை வெட்டி எறிந்திருப்பாள். எனக்குக் காது இருந்ததால், ஆஹா என்று வைத்துக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் காதால் கெட்டேன்.

பாட்டை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் ‘ஆமாம், நீ சொன்னது சரி’ என்று அவனுக்கு எழுதிக் கொடுத்தது போல ஆகும். அப்படியே விட்டேன். மகளைப் பள்ளியிலிருந்து தினம் ஒரு தெரு வழியாகக் கூட்டி வந்தேன். கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.

“அம்மா, நாற்காலி ஏன் அங்க நிக்குது?”

“எப்பவும் நாமதான் அதும்மேல சாயறோம். அதுவும் கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமே.”

அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வயது, எல்லாம் புரியும்.

எனக்குத் தாளம் போடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். மரப்பெட்டி ஒன்றில் கையால் தட்டுவாள், அதனால் பெட்டிக்காரி. இரண்டு வருடப் பழக்கம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு கணினிக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு கோப்புறை உண்டு. நான் பாடியதைப் போடுவேன், அவள் தட்டியதைப் போடுவாள். அவள் இருப்பது ஒரு துறைமுக ஊர், இங்கிருந்து ரயிலில் ஏழு மணி நேரம். அந்தத் துறைமுகம்தான் எனக்கு வழி காட்டியது. போன் செய்தேன்.

“உன் ஜன்னலைத் திறந்து வச்சு ஒரு அஞ்சு நிமிஷச் சத்தம் எடுத்து அனுப்புறியா?”

“எங்க வீட்டுச் சத்தமா? கீழ ஐஸ் ஒடைக்கிற மிஷின், வெளிய தகரத்தைத் தட்டுற மாதிரி இரும்புப் படி. இதுல என்னக்கா இருக்கு?”

“பாட்டுக்கு ஒரு இது வேணும்.”

“நீங்க கேட்டா நான் பெட்டியையே கழட்டி அனுப்புவேன். அஞ்சு நிமிஷம் போதுமா?”

ஏன் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தரமாட்டாளோ என்று பயம். உண்மை அதுதான், அதற்குப் பூச்சு பூச எனக்கு விருப்பமில்லை.

கப்பல் ஊதல், கடல் பறவைகள், ஐஸ் இயந்திரம், யாரோ இரும்புப் படியில் ஏறும் தடதடப்பு, எல்லாம் வந்தது. நான்காவது பாட்டுக்கு அடியில் அதை விரித்தேன். அவளுடைய பெட்டித் தாளத்தையும் சேர்த்தேன். ‘புது வீடு, புது ஜன்னல்’ என்று ஒரு வரி எழுதி வெளியிட்டேன். அவன் கடலோரமாக அலையட்டும், செருப்புத் தேயட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் ஓரளவு தூக்கம்கூட வந்தது.

பதினோராம் நாள், சனிக்கிழமை. மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மணி பன்னிரண்டே கால் இருக்கும். போன் மினுங்கியது. நான்காவது பாட்டின் கீழே அவன்:

“ஐஸ் மிஷினைக் கண்டுபிடிச்சாச்சு. இரும்புப் படியும் இங்கதான். மேல யாரோ பெட்டியைத் தட்டுற சத்தம் கேக்குது. நீ உள்ளதான் இருக்கே. வரேன்.”

என் வீட்டை மறைக்கிறேன் பேர்வழி என்று அவள் வீட்டைக் காட்டிக் கொடுத்திருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவளுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைக்காமல் என்ன செய்வாள்? பதிவு செய்துகொண்டிருக்கிறாள், சட்டம் எனக்கும் அவளுக்கும் ஒன்றுதானே. போலீசுக்கு அடித்தேன்.

“அட்ரஸ் சொல்லுங்கம்மா.”

“ஐஸ் ஒடைக்கிற எடத்துக்கு மேல. இரும்புப் படி இருக்கும்.”

“கதவு நம்பர்? தெருப் பேரு?”

அவள் வீட்டின் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். எந்தப் படி கிறீச்சிடும் என்றுகூடத் தெரியும். தெருவின் பெயர் தெரியாது. “லைன்ல இருங்க” என்றார்கள். காத்திருப்பவர்களுக்கென்று ஒரு இசை ஓடியது. அதுவும் சுருதி விலகி.

அப்போது கணினியில், பொதுக் கோப்புறையில், ஒரு புதுக் கோப்பு வந்து விழுந்தது. ‘எடுப்பு 4’, அன்று அவள் நான்காவது முறையாகப் பதிந்தது. போலீசை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அதை ஓட்டினேன். பெட்டித் தாளம், நல்ல வேகம். ஐஸ் இயந்திரம். பிறகு இரும்புப் படியில் காலடி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அந்த நடை எனக்குத் தெரியும். எட்டு வருடம் அது வாசலுக்கு வருவதை உள்ளே உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். கதவில் மூன்று தட்டு. அந்தப் பைத்தியக்காரி சிரித்துக்கொண்டே அதே மூன்று தட்டைப் பெட்டியில் திருப்பித் தட்டினாள். பிறகு அவள் குரல்: “யாரு? இருங்க, வரேன்.” பதிவு நின்றது.

யோசிக்க நேரமில்லை. அவனை அங்கிருந்து இழுக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகளைப் பார்த்தேன். வரைவதை நிறுத்திவிட்டு அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதியதற்குக் கீழே நான் எழுதினேன்:

“நான் அங்க இல்ல. அந்தக் கடல் சத்தம் என்னோடது இல்ல. சங்கு ஊதுற ஊர்லதான் இருக்கேன்.” கீழே ஊரின் பெயரையும் எழுதினேன். அவன் நம்ப வேண்டுமே, அதற்காக எங்கள் தெருவையும் எழுதினேன்.

அனுப்பினேன். போலீஸ் இசை ஓடிக்கொண்டே இருந்தது. கோப்புறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். அவள் செத்துக் கிடப்பதாக அதற்குள் பத்து விதமாக நினைத்துவிட்டேன்.

‘எடுப்பு 5’ வந்தது.

“அக்கா, இது உங்களுக்கு,” என்றது அவள் குரல், தாளம் எதுவும் இல்லாமல். “யாரோ ஒருத்தர் வந்தாரு. கதவைத் தொறந்ததும் என்னைத் தள்ளிட்டு உள்ள வந்துட்டாரு. அலமாரியைக்கூடத் தொறந்து பாத்தாருக்கா. நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் அவரு போனைப் பாத்தாரு. ஒரு சிரிப்பு சிரிச்சாரு. ஒண்ணும் சொல்லாம இப்பதான் எறங்கிப் போறாரு. யாருக்கா அது?”

அவள் பேச்சுக்குப் பின்னால் இரும்புப் படி தடதடத்தது. இந்த முறை இறங்குகிற சத்தம், அவசரமாக.

போலீஸ் இசையைத் துண்டித்துவிட்டு, அவள் போனுக்குக் குரல் செய்தி ஒன்று விட்டேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சொன்னேன். கதவைப் பூட்டு, தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போ, என்னை மன்னிக்காதே என்றேன். மன்னி என்று கேட்க வாய் வரவில்லை.

அவன் இங்கே வந்து சேர ஏழு மணி நேரம். அலமாரியிலிருந்து கோட்டையும் கம்பளியையும் உருவிப் பைக்குள் திணித்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, கிடாரை உறையில் போட்டு, நாற்காலியைக் கதவிலிருந்து நகர்த்தி வைத்திருந்தாள்.

“இன்னும் ஏதாவது இருக்காம்மா?”

“இல்லடா” என்றேன். காலி அலமாரிக்குள் என் குரல் எதிரொலித்தது. மூன்று வருடத்தில் அது எதிரொலித்து நான் கேட்டதே இல்லை.

மணி ஒன்றாகிச் சங்கு ஊதியபோது நாங்கள் தெருவில் இருந்தோம். மகள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அது என்ன சுருதி என்று என் காது கேட்கவில்லை. ரயில்வே கேட் மூடுவதற்குள் தண்டவாளத்தைக் கடந்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தோம்.