விமலராணி தனியே போன ஞாயிற்றுக்கிழமை

ரயில் பெட்டியின் இந்த முனையில் நான் நின்றேன். அந்த முனையில், சைக்கிள்களுக்குப் பக்கத்து இருக்கையில், என் மனைவி விமலராணி வெள்ளைப் பிரம்பை மடித்து மடியில் வைத்தபடி இருந்தாள். நான் வீட்டில் சோபாவில் படுத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயதில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டுவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, கட்டின பெண்சாதியைக் களவாகப் பின்தொடரும் மனுசன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கவேண்டும். அதிலும் தொப்பி எதற்கு? அவளுக்குக் கண் தெரியாது என்றுதானே இத்தனை கூத்தும்.

முழுக்கத் தெரியாது என்றில்லை. நாலு வருடமாகப் பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டு வருகிறது. இப்போது குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் ஒரு துண்டுதான் மிச்சம். முதியோர் இல்லத்து வேலையை அவள் விட்டாள், சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அது இரண்டு பேருக்குமே தண்டனை. அதையும் சமாளித்துக்கொண்டிருந்தோம். இந்த நேரம் பார்த்து எங்கள் ஒரே மகள் ஸ்ரெபானிக்குத் தூரத்து ஊரான ஹோர்சன்ஸில் நல்ல வேலை கிடைத்தது. போகமாட்டேன் என்றாள். நான் அவ்வளவு தூரம் போனால் அம்மாவை யார் வெளியே கூட்டிப்போவது என்று டேனிஷில் அழுதாள். திங்கட்கிழமை அவள் பதில் சொல்லவேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை நான் தனியப் போய் மியூசியம் பாத்திட்டு வாறன். போய் வந்திட்டனெண்டால் நீ ஹோர்சன்ஸுக்குப் போகவேணும்," என்று விமலராணி சொல்லிவிட்டாள். மகளும் சம்மதித்தாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஏன் மியூசியம் என்று நான் கேட்டதற்கு, முப்பது வருடமாகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த இடம் அதுதான் என்றாள்.

கோபன்ஹேகனில் இறங்கியதும் இருபதடி இடைவெளி விட்டு நடந்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். எந்தச் சந்தியில் யார் குறுக்கே பாய்வான் என்று எனக்குத் தெரியும். அவள் காதில் ஒரு சின்னக் கருவியைச் செருகிக்கொண்டாள். கைபேசி அவளுக்கு வழி சொன்னது. சந்தியில் நின்று, சமிக்ஞைக் கம்பத்தின் டிக் டிக் சத்தம் வேகமாகும்வரை காத்திருந்து, பிறகுதான் காலை வைத்தாள். ஒரு இடத்தில் வீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இதில் மாட்டுவாள் என்று நான் ஓடப் பார்த்தேன். அவள் கைபேசியை நீட்டிப் படம் பிடித்தாள், அது என்னவோ சொல்லியது, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். இதை நான் படிப்பிக்கப் போயிருந்தால், பிள்ளையார் சுழி போடுவதற்குள் சண்டை வந்திருக்கும். நகரசபைக் கொம்யூன்காரர் ஆறு வகுப்பில் படிப்பித்திருக்கிறார்கள். என் சொல்லை ஒருநாளும் கேளாதவள் ஒரு இயந்திரக் குரல் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம் திரும்பினாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மியூசியத்துக்குள் போனதும் தலை சுற்றியது எனக்குத்தான். ஒரு அறைக்குள் இன்னொரு அறை, அதற்குள் மாடிப்படி. அவள் வாசலில் எதையோ கைபேசியால் தட்டி, காதுக்குள் வரும் விளக்கத்தைக் கேட்டபடி நேரே போனாள். நான் ஒரு பழைய மரக்கலத்தை ஒரு நிமிடம் பார்த்தேன். திரும்பினால் அவள் இல்லை. மான் கொம்புகள், வாள்கள், பாசிமணிகள், எல்லாம் இருந்தன, என் மனைவியை மட்டும் காணவில்லை. வந்த அறைக்கே மூன்று தரம் வந்தேன். மூன்று பேரிடம் வழி கேட்டேன். படியில் விழுந்திருப்பாளோ, வெளியே போயிருப்பாளோ, கால்வாய் பக்கத்தில் இருக்கிறதே என்றெல்லாம் மனம் போனது.

அப்போதுதான் பழைய தேவாலயச் சுரூபங்கள் வைத்த மண்டபத்துக்குள் நுழைந்தேன். நடுவில் மாதா, மடியில் பாலன். எழுநூறு வருடத்து மரம், வர்ணம் போய்விட்டது, ஆனாலும் மாதா மாதாதானே. நான் யோசிக்கவே இல்லை. "தாயே, அவளைக் காட்டித் தாரும்," என்று பாதத்தைத் தொட்டு, உதடு பதித்து முத்தி செய்துவிட்டேன்.

கூரை பிய்ந்துபோகிறமாதிரி ஒரு அபாயமணிச் சத்தம் எழுந்தது. காவலுக்கு நின்ற பெண்பிள்ளை ஓடிவந்தாள். நான் தெரிந்த டேனிஷில் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க, எனக்குப் பின்னால் உட்காரப் போட்டிருந்த வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ. நீங்களோ?"

விமலராணி அங்கேதான் இருந்திருக்கிறாள். பத்தடி தூரத்தில்.

"நீர் காணாமல் போட்டீரெண்டு..."

"நான் அரைமணித்தியாலமா இதிலதான் இருக்கிறன். ஆர் காணாமல் போனது?" முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "பிள்ளைக்கு நான் இனி என்னெண்டு சொல்லுறது? தனியப் போனனான் எண்டோ?"

"நான் சொல்லமாட்டன், விமலா."

"பொய்யில அவள் போகக்கூடாது. எடுங்கோ ஃபோனை."

அவள் கண்ணில் நீர் நின்றது. எவ்வளவு பெரிய ஒன்றை நான் உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு மகளை அழைத்து, தொப்பி முதல் சத்தம்வரை சொன்னேன். மகள் டேனிஷில், அம்மா யாரிடமாவது வழி கேட்டாரா என்றாள்.

"இல்லை."

"நீங்கள் கேட்டீங்களா?"

"மூண்டு பேரிட்ட."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு அவள் தமிழில் சொன்னாள், "அப்ப நான் போறன், அப்பா."

திரும்பிப் பார்த்தேன். காவல் பெண்பிள்ளை விமலராணியை மூலையிலிருந்த இன்னொரு மாதாவிடம் கூட்டிப்போயிருந்தாள். அசலைக் கணினியால் அளந்து உருவமாகவே அச்சடித்த நகலாம், கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறார்களாம். விமலராணி கண்ணை மூடிக்கொண்டு மாதாவின் முகத்தைத் தடவினாள், மூக்கு, நாடி, பிறகு பாலனின் சின்ன விரல்கள். மகள் சொன்னதைச் சொன்னேன். அவள் கை பாலனின் கால்மேல் அப்படியே நின்றது.

"சந்தோசம்," என்றாள். "இப்ப நீங்கள் வீட்ட போங்கோ. பாக்கவேணுமெண்டால் வீட்டிலயிருந்து பாருங்கோ." தன் கைபேசியில் எதையோ அழுத்தி, தான் நிற்கும் இடம் என் கைபேசியில் தெரியும்படி செய்துவிட்டாள்.

புரொண்பியில் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் இருந்து, கைபேசியில் அவள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்தேன். நாலு மணிக்கு மியூசியத்தை விட்டு வெளியே வந்தது. ரயில் நிலையத்துக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். அது வலப்பக்கம் திரும்பியது. ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். மற்றக் காலுக்குப் போடமுன் பொறுக்க முடியாமல் அழைத்தேன்.

"ஃபோன் எடுப்பியளெண்டு தெரியும்," என்றாள் அவள். காற்று இரைந்தது. "வழி மாறேல்லை. வெய்யிலாக் கிடக்கு, தண்ணிப் பக்கமாக் கொஞ்சம் நடக்கப்போறன். சோத்தை வையுங்கோ."

ஃபோனை வைத்துவிட்டாள். ஒரு காலில் சப்பாத்தோடு நான் அப்படியே இருந்தேன். புள்ளி கால்வாயின் பாலத்தில் ஏறியது. நடுவில் நின்றது. நான் அழைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மெல்ல, மெல்ல, அக்கரைப் பக்கமாக நகரத் தொடங்கியது.