காற்றுத் தலையணை

தெர்மாகோல் பெட்டியோடு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிய நாகஜோதியைப் பார்த்து, "பூவாக்கா? லக்கேஜ் போடவா?" என்றார் கண்டக்டர். அவள் தலையை ஆட்டியது ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த கொழுந்தன் ஒச்சப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூச்சு டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, யாவாரத்துக்குக் கெளம்புன மாதிரி வாரீகளே மதினி!"

"சும்மா வாங்கப்பு."

பெட்டிக்குள் பூ இல்லை. ஐஸ்கட்டிகளுக்கு நடுவே, ஈரச்சாக்கில் சுற்றிய நீல நிறக் காற்றுத் தலையணை இருந்தது. அவள் புருஷன் சுருளிவேல் நிலக்கோட்டையிலிருந்து பூ வேன் ஓட்டியவர். அந்த வேனிலேயே ஒருமுறை திருச்செந்தூருக்குப் போனார்கள். கழுத்து வலிக்கிறது என்று அவள் சொன்னதும், வண்டியை ஓரங்கட்டி இதை ஊதினார். பாதியில் இருமல் வந்தது. "அதுக்குள்ள பாதி பீடிப் புகைதான் இருக்கும்" என்று அவள் கேலி செய்தாள். சிரித்துக்கொண்டே மீதியையும் ஊதி மூடியை அழுத்தினார். திரும்பி வந்தபின் அதைத் திறக்க வேலை வரவில்லை. இருமல் விடாமல் போக, முதலில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் புற்று என்று சொன்னபோது நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. காரியமெல்லாம் முடிந்து பரணை ஒழித்த அன்று, சற்றே தளர்ந்து, ஆனால் உப்பியபடியே அது அவள் கையில் கிடைத்தது.

"முன்னாடியே பாத்திருந்தா அண்ணன் பொழச்சிருக்கும்" என்று துக்க வீட்டில் ஒச்சப்பன் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது உள்ளேயே தங்கிவிட்டது. எவ்வளவு முன்னாடி? திருச்செந்தூர் கடற்கரையில் கால் நனைத்து நின்றாரே, அப்போதே உள்ளே இருந்ததா? மூச்சை வைத்தே மிஷின் புற்றைக் கண்டுபிடிக்கும் என்று ஒச்சப்பன் வந்து சொன்னதும், அவள் கண் பரணுக்குத்தான் போனது. அன்றைக்கு இல்லை என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு பயணமாவது கெடாமல் அவளுக்கு மிஞ்சும். வெளியூருக்குப் போகிற மல்லிகையை வாடாமல் அனுப்ப அவளுக்குத் தெரிந்தது ஐஸ்தான். மூச்சுக்கும் அதையே செய்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூச்சுப் பரிசோதனை முகாம் நடந்தது. வெள்ளைக் கோட்டுப் பெண்ணின் நெஞ்சில் சகாயசெல்வி என்று எழுதியிருந்தது. அவள் முன்னால் நாகஜோதி பெட்டியைத் திறந்து சாக்கைப் பிரித்தாள். தலையணை சுருங்கிக் கிடந்தது.

"அய்யோ, ஒழுகிருச்சா?"

அதில் தன் புருஷனின் மூச்சு இருப்பதாக அவள் சகாயசெல்வியிடம் சொன்னதும் ஒச்சப்பன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. "மதினி... இது அண்ணன் ஊதுனதா?"

சகாயசெல்வி தலையணையைத் தொடவில்லை. "இத வச்சுப் பாக்க முடியாதுக்கா. எங்க பையில இப்ப விடுற மூச்சுதான் வேணும். இதுல பிளாஸ்டிக் வாடையெல்லாம் சேந்திருக்கும். இருக்குன்னு சொன்னாலும் நம்ப முடியாது, இல்லன்னு சொன்னாலும் நம்ப முடியாது."

"ஒருக்கா வச்சுத்தான் பாரேன் தாயி."

"தெறந்துட்டா போயிரும்க்கா."

நாகஜோதியின் கட்டைவிரல் மூடியின் மேல் இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையணையைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அவரு வீட்டுக்குள்ளயும் பீடி குடிப்பாராக்கா?"

"வீட்டுலயும்தான், வேன்லயும்தான். எம் பக்கத்துலதான்."

"அப்ப நீங்க ஊதுங்க. நிறுத்தாம ஊதணும்."

பளபளவென்ற பையின் குழாயை வாயில் வைத்து ஊதினாள். பை எழும்பியது. பாதியில் இருமல் வந்தது. அவர் நிறுத்திய அதே இடம் என்று அவளுக்குத் தோன்றியது. சகாயசெல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு வேறு பை எடுத்தாள்.

"மறுபடி ஊதுங்க. சந்தேகம்னா போன் பண்ணுவோம். ஸ்கேன் எடுக்க வரணும்."

மண்டபத்து வாசலில் அவள் தலையணையைக் கையில் எடுத்துக்கொள்ள, ஐஸைக் கொட்டிவிட்டுப் பெட்டியை ஒச்சப்பன் வாங்கிக்கொண்டான். திரும்பும் பஸ்ஸிலும் அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் நேராக அவள் மடியில், ஐஸில் சில்லிட்டிருந்த தலையணையின் மேல் விழுந்தது. செம்பட்டி தாண்டும்போது அதன் சுருக்கம் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கியது. ஓரம் விறைத்தது. தலையணை, அதன் மேலிருந்த அவள் உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு இழுக்கும் நெஞ்சு போல, மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஒச்சப்பன் கையை நீட்டினான், தொடாமல் இழுத்துக்கொண்டான்.

ஏறி, அப்படியே நின்றது. அது இறங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.